ஊர் மேட்டில், வரலாறு சரிவில்: வோல்டெர்ரா என்ற குன்றூரைப் படிப்பது எப்படி?

இத்தாலியின் பழமை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொம்பெய். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை கக்கிய சாம்பலுக்கு அடியில் புதைந்துபோன நகரம். அங்கே தோண்டுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எல்லாமே ஒரு குறிப்பிட்ட நாளோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு மேலே வந்து குடியேறி, கலைத்துப் போட்டவர்கள் அதிகம் இல்லை.

இத்தாலியின் குன்றுகள் மேல் இருக்கும் சின்னச் சின்ன ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு கடைசி நாள் வரவே இல்லை. யாரோ ஒருவர் அங்கே தொடர்ந்து அடுப்பு மூட்டிக்கொண்டும் சுவர் எழுப்பிக்கொண்டும் இருந்திருக்கிறார். இன்றைக்கும் அங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது, ரொட்டிக்கடை திறக்கிறது. மேலே இத்தனை பேர் வாழும்போது, அடியில் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தொல்லியலுக்குப் புதியவர்களுக்கு இந்தக் கேள்வி நல்ல தொடக்கம். பதில் சொல்ல நான் எடுத்துக்கொள்வது வோல்டெர்ரா. டஸ்கனிப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல், சுமார் 10,000 பேர் வாழும் ஊர். ஏறத்தாழ 3000 ஆண்டுகளாக ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை.

முதலில் அந்தக் குன்று

எட்ரஸ்கர்கள் ரோமானியர்களுக்கு முன்பே மத்திய இத்தாலியில் செழித்திருந்த மக்கள். அவர்களுடைய பெருநகரங்களில் ஒன்று வோல்டெர்ரா. அவர்கள் வைத்திருந்த பெயர் வெலாத்ரி, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அவர்கள் வார்த்த கனமான வெண்கலக் காசுகளில் அந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு உயரத்தில் ஏன் ஊர் அமைத்தார்கள் என்றால், பாதுகாப்பு என்று உடனே சொல்லிவிடலாம். அது பாதிக் காரணம்தான். தெற்கே செம்பும் இரும்பும் கிடைக்கும் மலைகள். கீழே பள்ளத்தாக்கில் உப்பு ஊற்றுகள். செசினா ஆற்றின் வழியே போனால் கடல். இத்தனையையும் மேலிருந்து கண்காணிக்க இந்தக் குன்று ஏற்ற இடம்.

குன்றின் மண்ணையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், பின்னால் அது கதைக்குள் வரும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இது கடலடி. அடியில் கனமான சாம்பல்நிறக் களிமண். அதன்மேல் மணலும், மணல் இறுகி உருவான மஞ்சள் கல்லும். உள்ளூரில் அந்தக் கல்லைப் பான்கினா என்பார்கள். ஊரின் பழைய மதில், கோயில், வீடு எல்லாம் பெரும்பாலும் இந்தக் கல்தான். மதிலை நெருங்கி நின்று பார்த்தால் கல்லுக்குள் கிளிஞ்சல்கள் தெரியும்.

கீழே இருப்பது பழையது, ஆனால்...

தொல்லியலின் முதல் பாடம் எளிமையானது. மண் அடுக்கடுக்காகப் படிகிறது. கீழ் அடுக்கு முந்தையது, மேல் அடுக்கு பிந்தையது. கூடவே ஒரு துணை விதி: ஓர் அடுக்கின் வயதை அதில் கிடைக்கும் மிகப் புதிய பொருளை வைத்துக் கணிக்க வேண்டும். ஓர் அடுக்கில் 100 எட்ரஸ்கர் பானை ஓடுகளும் ஒரே ஒரு ரோமானியக் காசும் கிடைத்தால், அந்த அடுக்கு அந்தக் காசு அடிக்கப்பட்ட பிறகுதான் படிந்திருக்க முடியும். 100 ஓடுகள் சொல்வதைவிட அந்த ஒரு காசு சொல்வதுதான் இங்கே செல்லும். இடையில் எலி வளையோ பிற்காலக் குழியோ இல்லை என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சமவெளியில் இந்த விதி அழகாக வேலை செய்யும். குன்றின் உச்சியில் சிக்கல். அங்கே இடம் கொஞ்சம். புதுக் கட்டடம் வேண்டுமென்றால் பழையதை இடித்து, தரையைச் சமன்படுத்தி, அதே இடத்தில்தான் கட்டியாக வேண்டும். இடித்த கல் அடுத்த சுவருக்குப் போய்விடும். மண்ணும் குப்பையும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுச் சரிவில் விழும். வீட்டைப் பெருக்கினால் நடுக்கூடம் சுத்தமாகிவிடும், குப்பை முழுக்க வாசலில் சேரும். குன்றூரிலும் அதே கதைதான். வாழ்ந்த இடத்தில் தடயம் குறைவு. ஊரின் விளிம்பில், சரிவில், மதிலுக்கு வெளியே தடயம் அதிகம். வோல்டெர்ராவைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் மிக முக்கியமானவை அந்த விளிம்புகளில் கிடைத்தவைதான். கல்லறைகள் அங்கே, மதில் அங்கே, நாடக அரங்கு அங்கே.

உச்சியில் எதுவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊரின் உயர்ந்த பகுதியில் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே எட்ரஸ்கர் கோயில்களின் அடித்தளங்களும் ரோமானியர் காலத்து நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றும் கிடைத்துள்ளன. கோயில் என்றதும் நிற்கும் தூண்களை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். மிஞ்சியிருப்பது தரையோடு தரையாக ஒரு கல்வரிசை.

இறந்தவர்கள் விட்டுச்சென்றது

வோல்டெர்ராவில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எட்ரஸ்கர்கள் இறந்தவர்களை ஊருக்கு வெளியேதான் வைத்தார்கள். மேலே சொன்ன இடநெருக்கடி அங்கே இல்லை. யாரும் மேலே வீடு கட்டிக் கலைக்கவும் இல்லை. அதனால்தான் வாழ்ந்தவர்களின் வீடுகளைவிட அவர்களுடைய கல்லறைகள் நமக்கு அதிகம் பேசுகின்றன. மிகப் பழைய புதைப்புகள் கி.மு. 9, 8-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. உடலை எரித்து, சாம்பலை ஒரு மண்தாழியில் இட்டு, கிண்ணத்தையோ தலைக்கவசத்தையோ கவிழ்த்து மூடியிருக்கிறார்கள்.

பிற்காலத்தில், குறிப்பாகக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, தாழியின் இடத்தைச் சின்னக் கற்பேழை பிடித்தது. இந்த வட்டாரத்தில் அலபாஸ்டர் என்ற மென்மையான வெள்ளைக் கல் கிடைக்கிறது. அது ஜிப்சத்தின் ஒரு வகை. உளிக்கு எளிதாக இணங்கும். அந்தக் கல்லிலும், எரிமலைச் சாம்பல் இறுகிய கல்லிலும், சுட்ட மண்ணிலும் நூற்றுக்கணக்கான பேழைகளைச் செய்தார்கள். மூடியின் மேல் இறந்தவர் விருந்தில் சாய்ந்து படுத்திருப்பது போன்ற உருவம். உடல் குட்டை, தலை பெரிது. முகத்தில்தான் சிற்பியின் கவனம் எல்லாம். ஆண் கையில் பெரும்பாலும் மதுக்கிண்ணம். பெண் கையில் விசிறியோ மாதுளம்பழமோ இருக்கும். பேழையின் முன்பக்கத்தில் ஒரு புடைப்புச் சிற்பம்: கிரேக்கப் புராணக் காட்சிகள், குடும்பத்தார் கைப்பிடித்து விடைபெறும் காட்சி, மூடுவண்டியில் ஏறி மறுமைக்குப் போகும் பயணம். கிரேக்க வீரன் ஒடிசியஸைப் பாய்மரத்தில் கட்டிவைக்க, பாட்டால் மாலுமிகளை மயக்கும் சைரன்கள் என்ற மாயப் பெண்கள் பாடும் காட்சியும் உண்டு. கிரேக்கக் கதைகள் இந்த உள்நாட்டுக் குன்று வரை வந்து, ஒரு குடும்பத்தின் துக்கத்துக்குத் துணையாக நின்றிருக்கின்றன.

ஒரு பேழையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சுட்ட மண்ணில் செய்த மூடி. கணவனும் மனைவியும் ஒரே மெத்தையில் சாய்ந்திருக்கிறார்கள். இருவரும் முதியவர்கள். நெற்றியிலும் கன்னத்திலும் சுருக்கங்கள், ஒட்டிய தாடை, எடுப்பான மூக்கு. இளமையாகக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் சிற்பிக்குத் துளியும் இல்லை. இது கி.மு. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ரோமின் ஆட்சி வந்து, எட்ரஸ்கர் மொழியே வழக்கொழிந்துகொண்டிருந்த காலம். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு வந்தால், 'மறைந்த நாகரிகம்' என்று அவர்களைப் பற்றி அலட்சியமாகப் பேச வராது.

மொழியைப் பற்றி ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் இதில் குழப்பம் நிறைய. எட்ரஸ்கர் எழுத்து புதிர் இல்லை. கிரேக்க எழுத்திலிருந்து வந்தது. பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள். இன்று அதை வாய்விட்டுப் படிக்க முடியும். சிக்கல் பொருளில்தான். லத்தீனுக்கோ கிரேக்கத்துக்கோ உறவில்லாத மொழி அது. கிடைத்த வாசகங்களில் பெரும்பாலானவை கல்லறைகளில் உள்ள சிறு வரிகள்: பெயர், தந்தை பெயர், தாய்வழிக் குடும்பப் பெயர், இறந்தபோது வயது. நீண்ட வாசகங்கள் மிக அரிது. இருந்தாலும் அந்தச் சிறு வரிகளை வைத்தே யார் யாருக்குப் பிள்ளை, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தது என்று வம்சாவளி போட முடிகிறது.

அந்தப் பேழைகள் வந்து சேர்ந்த விதம் தொல்லியலுக்கு ஒரு பாடம். மாரியோ குவார்னாச்சி என்ற உள்ளூர்ப் பிரபு 1761-இல் தன் சேகரிப்பையும் நூலகத்தையும் ஊர் மக்களுக்கே எழுதிவைத்தார். ஐரோப்பாவின் மிகப் பழைய பொது அருங்காட்சியகங்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது. இன்று அங்கே சுமார் 600 பேழைகள் உள்ளன. அவர் செய்தது பெரிய கொடை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் தோண்டியவர்கள் எந்தப் பேழை எந்த அறையில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவைப்பது அரிது. பிற்பாடு பலவற்றையும் சிற்பக் காட்சியின் வகைப்படி அடுக்கினார்கள். சிற்பத்தைப் பார்க்க வசதிதான்; குடும்பம் சிதறிப்போய்விட்டது. 1861-இல் கண்டெடுத்த ஒரு கல்லறையில் ஒரே குடும்பத்தின் 53 பேழைகள் வட்டமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த அறையையே ஃபுளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத் தோட்டத்தில் திரும்ப அமைத்தார்கள். பொருள் முக்கியம், அது இருந்த இடமும் அண்டையும் அதே அளவுக்கு முக்கியம். அகழாய்வாளர்கள் உடைந்த பானை ஓடு ஒன்றைக்கூட அளந்து, படம் எடுத்து, குறித்த பிறகே கையில் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

மதிலும் வாசலும்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எட்ரஸ்கர்கள் எழுப்பிய மதில் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம். இன்றைய பழைய ஊரைச் சுற்றி நிற்கும் இடைக்கால மதிலோ அதில் பாதிகூட இல்லை. இரண்டையும் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே ஊர் எவ்வளவு சுருங்கியது என்பது விளங்கும். பெரிய மதிலுக்குள் வீடுகள் மட்டும் இருந்திருக்காது. முற்றுகையின்போது மேய்ச்சலுக்கும் பயிருக்கும் நிலம் வேண்டும். கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் ரோமானியத் தளபதி சுல்லாவின் படை முற்றுகையிட்டபோது ஊர் ஓரிரு ஆண்டு தாக்குப்பிடித்ததில் குன்றுக்கும் இந்த மதிலுக்கும் பெரிய பங்கு உண்டு.

தெற்கு வாசலான போர்ட்டா அல்லார்கோ இன்றும் நிற்கிறது, மக்கள் அதன் வழியே நடந்து போகிறார்கள். வளைவின் உச்சியில் ஒன்றும் இரு தோள்களில் இரண்டுமாக மூன்று தலைகள். காற்றும் மழையும் அரித்து, கண் எது மூக்கு எது என்று தெரியாத கரிய கட்டிகளாகிவிட்டன. தெய்வங்களா, வேறு யாராவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பேழையின் சிற்பத்தில் இதே போல மூன்று தலை கொண்ட வாசல் ஒன்று வருகிறது. கிரேக்கப் புராணத்தில் வரும் தீப்ஸ் நகர முற்றுகைக் கதையைச் செதுக்க வந்த சிற்பி, தன் ஊர் வாசலைப் பார்த்துச் செதுக்கியிருக்க வேண்டும். வாசல் எந்தக் காலத்தது என்று யோசிப்பவர்களுக்கு இது ஒரு நல்ல துணைச் சான்று.

இந்த வாசல் 1944 ஜூன் கடைசியில் போயிருக்க வேண்டியது. பின்வாங்கிய ஜெர்மன் படை, நேச நாட்டுப் படை ஊருக்குள் வராதபடி வாசலைத் தகர்க்கத் திட்டமிட்டது. தகர்க்க வேண்டாம், நாங்களே அடைத்துத் தருகிறோம் என்று ஊர் மக்கள் பேசி, ஒரு நாள் அவகாசம் வாங்கினார்கள். தெருவில் பதித்த கற்களைக் கையால் பெயர்த்து, வாசல் முழுவதையும் அடைத்துவிட்டார்கள். வாசல் தப்பியது.

குப்பை காப்பாற்றிய அரங்கு

ரோமின் கீழ் வந்த பிறகு ஊர் அழிந்துவிடவில்லை. கெய்சினா என்ற பழைய எட்ரஸ்கர் குடும்பம் ரோமில் செல்வாக்கான குடும்பமாக வளர்ந்தது. அவர்களில் ஒருவருக்காக வழக்கறிஞர் சிசரோ வாதாடிய உரை இன்றும் கிடைக்கிறது. அந்தக் குடும்பத்தார் கி.மு. 1-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊருக்கு ஒரு நாடக அரங்கு கட்டிக் கொடுத்தார்கள். வடக்குச் சரிவையே செதுக்கி இருக்கை வரிசைகள், எதிரே தூண்கள் கொண்ட இரண்டடுக்கு மேடைப் பின்சுவர்.

சில நூற்றாண்டுகளில் அரங்கு கைவிடப்பட்டது. அடுத்து வந்தது இடைக்காலம். ஊர் மதில் சரியாக அரங்குக்கு மேலே எழும்பியது. மதிலுக்கு மேலிருந்து மக்கள் குப்பையைக் கீழே கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் கொட்டிக் கொட்டி அரங்கு முழுவதும் மூடிப்போனது. குப்பை மேடானதால் அங்கே யாரும் கட்டடம் கட்டவில்லை. அடியில் இருந்த கல்லை எடுத்துப் போவதும் சிரமமாகிவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் என்ரிக்கோ ஃபியூமி என்ற உள்ளூர் வரலாற்றாசிரியர் அதைத் தோண்டத் தொடங்கினார். மண் சுமந்தவர்கள் ஊரில் இருந்த மனநல மருத்துவமனையின் நோயாளிகள். இன்று சுற்றுலாப் பயணிகள் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்துப் படம் எடுக்கும் அந்த அரைவட்டம் அவர்கள் கையால் வெளியே வந்தது. ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து.

குப்பை என்பது அகழாய்வாளருக்குக் காலண்டரும்கூட. காலத்தைக் கணிக்கக் கரிமப் பகுப்பாய்வு, அதாவது கரி, எலும்பு போன்றவற்றில் மிஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் முறை, இருக்கிறதே என்று கேட்கலாம். எட்ரஸ்கர் காலத்துக்கு அது அவ்வளவு கைகொடுப்பதில்லை. சுமார் கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில் அந்த அளவுகோல் மழுங்கிக் கிடக்கிறது. 'இந்த நான்கு நூற்றாண்டுகளில் ஏதோ ஒரு சமயம்' என்ற அளவில்தான் பல நேரம் பதில் கிடைக்கும். அங்கே நம்பகமான சாட்சி மட்பாண்டம். பானையின் வடிவமும் பூச்சும் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாறும். உடைந்தால் யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள், எறிந்துவிடுவார்கள்; ஓடோ மக்காது.

இதில் நமக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. வோல்டெர்ராவுக்குக் கிழக்கே, அதே டஸ்கனியில் அரெஸ்ஸோ என்ற இன்னொரு பழைய எட்ரஸ்கர் நகரம் இருக்கிறது. கி.பி. தொடங்குவதற்குச் சற்று முன்னும் பின்னுமாக அங்கே பளபளப்பான சிவப்புப் பாத்திரங்களைச் செய்து, குயவர் முத்திரை குத்தி, ரோமானிய உலகம் முழுக்க அனுப்பினார்கள். 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்தப் பாத்திரத்தின் ஓடுகள் முத்திரையோடு கிடைத்தன. அவற்றின் காலம் ஏற்கெனவே தெரியும். அதனால் அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது ஒரு பிடிமானமாக அமைந்தது.

இடைக்காலம், அப்புறம் நிலச்சரிவு

சுற்றுலாப் பயணிகள் கண்ணில் படும் வோல்டெர்ரா பெரும்பாலும் இடைக்கால ஊர்தான். 1208-இல் கட்டத் தொடங்கிய நகராட்சி மாளிகை, டஸ்கனியில் இந்த வகையில் மிகப் பழையது. பழங்கல்லை எடுத்துப் புதிதாகக் கட்டும் பழக்கம் அப்போதும் தொடர்ந்தது. ஞானஸ்நானக் கோயிலில் உள்ள புனித நீர்த்தொட்டி, எட்ரஸ்கர் கல்லறைக் கல்லைக் குடைந்து செய்தது. 1472-இல் படிகாரச் சுரங்கம் ஒன்றின் உரிமைக்காக ஃபுளோரன்ஸோடு பிணக்கு மூண்டது. ஃபுளோரன்ஸின் தலைவர் லொரென்சோ மெடிச்சி அனுப்பிய படை ஊரைச் சூறையாடியது. பிறகு ஊருக்கு மேலே அவர்கள் எழுப்பிய கோட்டை இன்று சிறைச்சாலை.

மனிதர் செய்த சேதத்தைவிட மண் செய்த சேதம் பெரிது. மேலே மணல், அடியில் களிமண் என்று சொன்னேன் அல்லவா? மழைநீர் மணல் வழியே இறங்கிக் களிமண்ணில் முட்டி நிற்கும். அதற்குமேல் இறங்க வழியின்றி பக்கவாட்டில் கசிந்து, களிமண்ணை அரிக்கும். தாங்கல் போனதும் மேலே உள்ள மணற்பாறை செங்குத்தாகப் பிளந்து விழும். ஊரின் மேற்கே பால்சே எனப்படும் பெருஞ்சரிவு இப்படித்தான் உருவானது. எட்ரஸ்கர் கல்லறைகளையும் மதிலின் ஒரு பகுதியையும் பழைய தேவாலயம் ஒன்றையும் அது விழுங்கிவிட்டது. விளிம்பில் நிற்கும் ஒரு மடத்தைத் துறவிகள் 19-ஆம் நூற்றாண்டில் விட்டுவிட்டுப் போனார்கள். 2014 ஜனவரியில் கனமழைக்குப் பிறகு இடைக்கால மதிலில் சுமார் 30 மீட்டர் இடிந்து விழுந்தது. வரலாறு குவிந்து கிடக்கும் சரிவுகளே இங்கே நிலைகுலையும் சரிவுகளாகவும் இருப்பதால், இந்த ஊரில் அகழாய்வும் நிலச்சரிவுத் தடுப்பும் கிட்டத்தட்ட ஒரே வேலை.

2015-இல் வந்த அதிர்ச்சி

இவ்வளவு ஆராய்ந்த ஊரில் இனிப் பெரிதாக எதுவும் கிடைக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2015 ஜூலையில், வடக்கே போர்ட்டா டயானா என்ற பழைய வாசலுக்கு அருகில் ஓர் ஓடையைச் சீரமைக்கும் வேலை நடந்தது. தோண்டிய இடத்தில் வளைந்து செல்லும் இரண்டு சுவர்கள் தட்டுப்பட்டன. மண்ணுக்குள் அலைகளைச் செலுத்திப் பார்க்கும் ஆய்வும் அகழாய்வும் சேர்ந்து காட்டியது ஒரு முழு ரோமானிய வட்டரங்கை: சுமார் 80 மீட்டர் நீளம், 60 மீட்டருக்கு மேல் அகலம், ஆயிரக்கணக்கானோர் உட்காரும் இருக்கைகள். கொலோசியம் போல கிளாடியேட்டர்கள் மோதும் வகை. பழைய நூல்கள் எதிலும் இப்படி ஒன்று இங்கே இருந்ததாக ஒரு வரி கிடையாது.

அதுவும் சரிவில்தான் இருந்தது. மேலிருந்து வழிந்த மண் சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு மூடியிருந்தது. இப்போது அகழாய்வாளர்கள் அந்த மண்ணை அடுக்கு அடுக்காக எடுக்கிறார்கள். வட்டரங்கு எப்போது கைவிடப்பட்டது, அதன் கற்களை யார் எந்த நூற்றாண்டில் பெயர்த்துப் போனார்கள் என்பதற்கெல்லாம் விடை அந்த மண்ணில் உள்ள ஓடுகளிலும் காசுகளிலும்தான். வோல்டெர்ராவுக்குப் போகிறவர்கள் அருங்காட்சியகத்தோடும் மதில்மேல் இருந்து பார்க்கும் காட்சியோடும் நிறுத்திவிடாமல், போர்ட்டா டயானா வரை இறங்கிப் போங்கள். ஏறி வரும்போது மூச்சு வாங்கும். வசதியான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.